காற்றிற் சமைத்த சிற்பம்

கொழும்பு மாநகரின் வடபால் அமைந்த கொட்டாஞ்சேனையிற் பொன்னம்பலவாணேசுவரர் திருக்கோயில் விளங்குகின்றது. 1856ஆம் ஆண்டிற் பொன்னம்பல முதலியார் நிறுவிய அக்கோயிலை, அவர்தம் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907ஆம் ஆண்டு தொடக்கம் 1912ஆம் ஆண்டு வரை கருங்கற் கோயிலாகப் புதுக்கி அமைத்தார். தூணும் போதிகையும் சுவரும் கல்லால் ஆயவை. நூறாண்டு கடந்தும் உளியின் தடம் அவற்றில் மறையவில்லை.

அதே மாநகரின் தென்பால் உள்ளது வெள்ளவத்தை. அங்கே திருமண மண்டபம் ஒன்றின் வாயிலில், முதல் நாள் இரவில் நான்கைந்து இளைஞர் கூடியிருந்து ஆயிரம் பலூன்களால் ஒரு யானையையோ மயிலையோ சமைத்து நிறுத்துகின்றனர். காலையில் வரும் விருந்தினர் அதனை வியந்து நோக்குகின்றனர். குழந்தைகள் அதனை விட்டு அகல மறுக்கின்றனர். மாலையில் மண்டபத்தைக் கூட்டுவோர் வருகின்றனர். யானையும் இல்லை, மயிலும் இல்லை.

கல்லிற் செய்தது கலை, காற்றிற் செய்தது வெறுஞ் சோடனை என்பது பெரும்பாலோர் எண்ணம். இந்த எண்ணம் சரியானதுதானா? பலூனைக் கொண்டு பேருருவங்களைச் சமைக்கும் தொழிலைக் கலையெனக் கொள்ளலாமா? கொள்ளலாமெனின், அக்கலை கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கு யாது? இவை ஆராயத்தக்க வினாக்கள்.

முதற்கண் ஓர் உண்மையை நினைவிற் கொள்ளுதல் நலம். அழியும் பொருளாற் கலை செய்வது கொழும்பு மக்களுக்குப் புதியதன்று. கொட்டாஞ்சேனையிலுள்ள தீபதுத்தாராம விகாரை, 1885ஆம் ஆண்டு வெசாக் நாளிற் பௌத்த கொடியேற்றம் நிகழ்ந்த இடமென வரலாற்றிற் குறிக்கப்படுவது. ஆண்டுதோறும் வெசாக் வரும்போது மூங்கிற் சிம்பையும் மெல்லிய தாளையும் கொண்டு செய்த வெளிச்சக் கூடுகள் நகரெங்கும் ஒளிர்கின்றன. வீதியோரங்களிற் பெரும் பந்தல்கள் எழுகின்றன. சில நாட்களின் பின் அவை கழற்றப்படுகின்றன. ஆடிவேல் விழாவிற் செட்டியார் தெருவினின்றும் புறப்பட்டுக் காலி வீதி வழியே பம்பலப்பிட்டியையும் வெள்ளவத்தையையும் நாடி வரும் இரதங்களின் மலர்ச் சோடனையும் அத்தகையதே. வாசலில் இடும் கோலம் பொழுது சாயுமுன் அழிகின்றது. இவற்றைக் கலையல்ல என்று சொல்லத் துணிவார் யாருமிலர். ஆகவே, நிலைத்து நில்லாமை ஒன்றே பலூன் சிற்பத்தைக் கலையுலகினின்றும் விலக்கப் போதிய காரணமாகாது.

இனி, அதன் மூலப்பொருளைச் சற்றே நோக்குவோம். பலூன் பிறப்பது இறப்பர்ப் பாலினின்றும் ஆகும். இறப்பர் மரத்தின் தாயகம் தென்னமெரிக்காவிலுள்ள அமேசன் காடு. 1876ஆம் ஆண்டில் என்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டனுக்கு அண்மையிலுள்ள கியூ தாவரப் பூங்காவிற் சேர்ப்பித்தார். அவற்றுட் சிறு பகுதியே முளைத்தது. முளைத்த நாற்றுக்களுள் ஏறத்தாழ 1,900 நாற்றுக்கள் அவ்வாண்டிலேயே இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தொலைவில், கம்பகாவிலுள்ள ஹெனரத்கொடைத் தாவரப் பூங்காவில் அவை நடப்பட்டன. ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்கள் பரவுதற்கு வித்திட்ட நிலங்களுள் அப்பூங்கா முதன்மையானது.

களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி முதலிய மாவட்டங்களில் இறப்பர் மரங்கள் இன்றும் நிற்கின்றன. பால்வெட்டுவோர் விடியுமுன்னரே மரத்தடிக்குச் செல்வர். வெயில் ஏறினாற் பாலின் ஓட்டம் குன்றிவிடும். ஆதலாற் குளிர்ந்த வேளையிலேயே பட்டையைச் சாய்வாகச் சீவுதல் வேண்டும். ஆழமாக வெட்டினால் மரம் காயப்படும். மேலோட்டமாக வெட்டினாற் பால் சுரவாது. அந்த மெல்லிய அளவறிந்த கையினின்றுமே பலூனின் வரலாறு தொடங்குகின்றது. மண்டபத்திற் பலூனைக் கண்டு மகிழ்வோர், அதன் பின்னே நிற்கும் தோட்டத் தொழிலாளரின் விடியற்காலையை எண்ணிப் பார்ப்பது அரிது.

இறப்பர்ப் பலூனை முதன்முதல் ஆக்கியவர் ஒரு கலைஞரல்லர், விஞ்ஞானி. மின்னியலிற் பெரும்புகழ் பெற்ற மைக்கேல் பரடே 1824ஆம் ஆண்டில், ஐதரசன் வாயுவை அடைத்து ஆராயும் பொருட்டு, இரண்டு இறப்பர்த் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து விளிம்புகளை அழுத்தி ஒட்டினார். உட்புறம் ஒட்டிக்கொள்ளாதிருக்க மாவைத் தடவினார். இக்காலத்து ஆலைகளிலோ, பலூனின் வடிவமைந்த அச்சுக்கள் முதலிற் பாலை உறையச் செய்யும் உப்புக் கரைசலிலும், பின்னர் நிறமும் கந்தகமும் கலந்த இறப்பர்ப் பாலிலும் தோய்க்கப்படுகின்றன. அச்சின்மேற் படியும் மெல்லிய படலத்தின் வாய் சுருட்டப்படுகின்றது, வெந்நீரிற் கழுவப்படுகின்றது, வெப்பத்திற் பதப்படுத்தப்படுகின்றது. கந்தகமும் வெப்பமும் சேர்ந்தே இறப்பருக்கு நீண்டு மீளும் வலிமையைத் தருகின்றன.

பலூனை ஊதிய எவரும் அறிந்த செய்தி ஒன்றுண்டு. முதல் மூச்சே கடினம், பின்னர் எளிது. சுருங்கிய பலூனுள் அழுத்தம் மிகுதி. பெருத்தபின் அழுத்தம் குறைவு. ஊதிய இரண்டு பலூன்களை, ஒன்று சிறிதும் மற்றொன்று பெரிதுமாக, ஒரு குழாயால் இணைத்துப் பார்த்தால், பெரிதிலிருந்து சிறிதிற்குக் காற்றுப் பாயும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். நிகழ்வது வேறு. சிறிது தன் காற்றைப் பெரிதிற்கு ஈந்துவிட்டு மேலும் சுருங்குகின்றது! இந்த இயல்பை அறியாதவன் பலூனாற் பேருருவம் சமைக்க இயலாது. கல் சிற்பியின் உளிக்கு அடங்கி அசையாது கிடக்கும். காற்றோ ஓயாது நெட்டித் தள்ளும், சூடேறினால் விரியும், இரவு குளிர்ந்தாற் சுருங்கும். அந்த நெட்டுதலையே சுவராகவும் தூணாகவும் பயன்படுத்துவது இக்கலையின் மறைபொருள்.

பேருருவம் எவ்வாறு எழுகின்றது? முதலிற் காகிதத்தில் வரைபடம் அமைகின்றது. பின்னர் ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை பலூன், எந்நிறம், எவ்வளவு பருமன் என்று கணக்கிடுகின்றனர். பருமனை அளக்க வேண்டுவது ஓர் எளிய பெட்டி. அதில் வேண்டிய விட்டத்துக்கு ஒரு துளை. ஊதிய பலூன் அத்துளையிற் சரியாகப் பொருந்தினால் ஏற்பர். மிகின் காற்றைச் சிறிது விடுவர். குறையின் மேலும் ஊதுவர். 28 சென்ரிமீற்றர் வரை விரியக்கூடிய பலூனை 25 சென்ரிமீற்றருடன் நிறுத்துவது வழக்கம். முழுக்க ஊதிய பலூன் சிறு வெப்பத்திற்கும் வெடிக்கும். சற்றே குறைத்து ஊதியது தாங்கும். கொழும்பின் வெயிலில் இந்த அளவறிதல் இன்றியமையாதது.

அதன்பின் இரண்டிரண்டாக வாயைச் சேர்த்து முடிச்சிடுவர். இரண்டு சோடிகளைக் குறுக்காகத் திருக நான்கு பலூன்களின் கொத்து ஒன்று அமையும். இக்கொத்தே இக்கலையின் செங்கல். கம்பிச் சட்டத்தின் மீது கொத்துக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது, மேற்கொத்தின் பலூன்கள் கீழ்க்கொத்தின் இடைவெளிகளிற் பதிந்து ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்கின்றன. பருமனைப் படிப்படியாகக் குறைத்தால் யானையின் துதிக்கை பிறக்கின்றது. கூட்டினால் வயிறு பிறக்கின்றது. ஒரு பலூன் மட்டும் அளவு மிகுந்திருப்பினும் அடுத்தவற்றைத் தள்ளி முழு வரிசையையும் கோணச் செய்துவிடும்.

இன்னொரு முறை பின்னல் முறையாகும். விரலளவு பருத்து ஒன்றரை மீற்றர் வரை நீளும் குழாய்ப் பலூன்களைத் திருகித் திருகிச் சிறு கணுக்களாக்கி, ஒன்றோடொன்று கோத்து நெய்வர். யாழ்ப்பாணத்துப் பனையோலைக் கடகம் இழைக்கும் கை எவ்வாறு ஓலையை மேலும் கீழும் ஓட்டி வளைவை உண்டாக்குமோ, அவ்வாறே இங்கும் வளைவு உண்டாகின்றது. திருகுந்தோறும் காற்று முன்னே தள்ளப்படுமாதலால், நுனியிற் சிறிது ஊதாது விடுதல் வேண்டும். ஓரிடத்திற் கணு ஒன்று வெடித்தாலும் சுற்றியுள்ள பின்னல் உருவைக் குலையாது காக்கின்றது. தோடம்பழத் தோலைப் பிழியும்போது தெறிக்கும் எண்ணெய்த் துளி பட்டாலும் பலூன் வெடிக்கும். ஆகலிற் பந்தியருகே சிற்பம் நிறுத்துவோர் அதற்கும் காவல் வைப்பர்.

இத்தகைய கணக்கும் பொறுமையும் கூட்டுழைப்பும் வேண்டும் தொழிலை எளிதென்று தள்ளிவிடல் ஆகாது. உலகரங்கில் இது அடைந்துள்ள வளர்ச்சியும் அதனையே காட்டுகின்றது. நியூயோர்க் நகரில் மேசிஸ் நிறுவனம் நடத்தும் நன்றியறிதல் நாள் ஊர்வலத்தில், பாவைக்கூத்துக் கலைஞரான ரொனி சார்க் 1927ஆம் ஆண்டிற் பேருருவப் பலூன்களைப் புகுத்தினார். பாவையை மேலிருந்து நூலால் ஆட்டுவது கூத்து. கீழிருந்து கயிற்றாற் பிடித்து ஆட்டும் பாவையாகப் பலூனை அவர் கருதினார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1942 முதல் 1944 வரை, அவ்வூர்வலம் நிறுத்தப்பட்டுப் பலூன்களின் இறப்பர் போர்த்தேவைக்கு வழங்கப்பட்டது. மலாயா யப்பானியர் கைப்பட்டமையால் இலங்கையின் இறப்பரை நேச நாடுகள் பெரிதும் நம்பியிருந்த காலமும் அதுவே. 1958ஆம் ஆண்டில் ஈலியம் வாயுவுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பலூன்களிற் காற்றையே நிரப்பிப் பாரந்தூக்கிகளிற் கட்டித் தொங்கவிட்டு ஊர்வலம் நடத்தினர்.

1968ஆம் ஆண்டிற் கிறிஸ்ரோ என்னும் கலைஞர் யேர்மனியின் காசெல் நகரிற் காற்றடைத்த ஒரு நெடுந்தூணை எழுப்பினார். அதன் உயரம் 85 மீற்றர்; அதனுள் அடங்கிய காற்று 5,600 கன மீற்றர். முதல் முயற்சிகள் தோல்வியுற்றன. ஆயினும் கலைஞர் தளரவில்லை. 1972ஆம் ஆண்டில் மியூனிக் ஒலிம்பிக் விழா, விளையாட்டு வீரர் கொலையுண்ட கொடுந்துயரால் நிலைகுலைந்தது. அதன் நிறைவு நாளில் ஒற்றோ பீனே என்னும் கலைஞர் ஈலியம் நிரப்பிய ஐந்து நிறக் குழாய்களைப் பல நூறு மீற்றர் நீளத்துக்கு வானவில்லாக எழச் செய்தார். 2000ஆம் ஆண்டிற் பெல்ஜியத்தின் மோல் நகரில், அமெரிக்கக் கலைஞர் லாரி மொஸ் தலைமையில் 40,781 பலூன்கள் உதைபந்தாட்ட வீரர்களின் உருவமாயின. 2013ஆம் ஆண்டில் எடின்பரோவிலுள்ள ஸ்கொட்லாந்து தேசிய நூதனசாலையின் பெருங்கூடத்திற் ஜேசன் ஹாக்கன்வேர்த் 10,000 பலூன்களாற் சமைத்த சுருளுருவம் தொங்கியது. அரக்கனுக்கு அஞ்சிய தாயும் மகனும் மீன்களாய் மாறிய கிரேக்கக் கதையே அதன் கருப்பொருள்.

ஒரு விந்தையும் இங்கே நினைக்கத்தக்கது. ஜெவ் கூன்ஸ் என்பார் பலூனைத் திருகிச் செய்யும் நாய் உருவைத் துருப்பிடியா உருக்கிற் பேரளவிற் செய்தார். அவ்வரிசையில் ஒன்று 2013ஆம் ஆண்டில் ஏலத்தில் 584 இலட்சம் அமெரிக்க டொலருக்கு விலைபோயிற்று. காற்றின் வடிவை உருக்கு இரவல் வாங்கியது, உருக்குக்கு விலை கிடைத்தது, காற்றுக்குக் கிடைக்கவில்லை. எனினும் இரண்டையும் அருகருகே வைத்தால், உருக்கு நாயிற் காணாத ஓர் உயிர்ப்பு மூச்சடைத்த நாயிற் காணப்படும். நாளை இராது என்ற அறிவே இன்றைய பார்வையைக் கூர்மைப்படுத்துகின்றது. வாடும் மலரை அணியும் மக்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

இதுகாறும் கூறியவை கலையின் பிறப்பும் வாழ்வும். அதன் முடிவோ மற்றொரு செய்தி. அங்கேதான் உண்மையான சோதனை வருகின்றது.

1986ஆம் ஆண்டு செப்ரெம்பர் 27ஆம் நாள், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் அறப்பணிக்கு நிதி திரட்டும் நோக்குடன் ஏறத்தாழ 15 இலட்சம் ஈலியம் பலூன்கள் ஒரே வேளையில் வானில் விடப்பட்டன. கண்டோர் கைகொட்டினர். அன்று வானிலை மாறியது. மழையும் குளிர்காற்றும் பலூன்களைக் கீழே அழுத்தின. வீதிகளிலும் விமான ஓடுபாதையிலும் ஈரி ஏரியிலும் அவை மூடிக் கிடந்தன. அவ்வேளையில் ஏரியிற் காணாமற்போன மீன்பிடிப்பாளர் இருவரைத் தேடிச் சென்றோர், நீரின்மேல் மிதப்பது மனிதத் தலையா பலூனா என்று வேறு பிரித்தறிய இயலாது இடர்ப்பட்டனர். அவ்விருவரும் உயிருடன் மீளவில்லை. நல்லெண்ணமும் அழகும் மட்டும் போதா என்பதை அந்நாள் உலகிற்கு அறிவித்தது.

வெள்ளவத்தை வாசிகளுக்கு இது தொலைநாட்டுச் செய்தி மட்டுமன்று. காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே சில நூறு அடிகளே உள்ளன. மண்டபத்தின் முற்றத்திற் கைவிட்ட பலூன், புகையிரதப் பாதையைக் கடந்து கடலிற் சேர நெடுநேரம் ஆகாது. இலங்கையின் கரைகளில் ஐந்து வகைக் கடலாமைகள் முட்டையிடுகின்றன. கொஸ்கொடையும் ரெக்கவையும் அதற்குப் பேர்பெற்ற இடங்கள். கிழிந்த பலூன் நீரில் மிதக்கும்போது ஆமையின் கண்ணுக்கு இழுதுமீனைப் போலத் தோன்றும்; அஃது அதன் உணவு. கடற்பறவைகளை ஆராய்ந்த அவுஸ்திரேலிய விஞ்ஞானிகள், கடினமான பிளாஸ்ரிக் துண்டை விழுங்குவதினும் பலூனை விழுங்குவது உயிரைப் போக்கும் வாய்ப்பு 32 மடங்கு மிகுதி என 2019ஆம் ஆண்டில் அறிவித்தனர். மென்மையான பொருள் குடலில் ஒட்டி அடைத்துவிடுவதே காரணம்.

இறப்பர் மரத்திலிருந்து வருவதால் இலையைப் போல் விரைவில் மக்கிவிடும் எனச் சிலர் ஆறுதல் கொள்வர். கந்தகமும் நிறமும் கலந்து பதப்படுத்திய இறப்பர் அத்துணை விரைவில் மக்குவதில்லை. கடல்நீரில் இன்னும் தாமதிக்கும். உலோகப் பூச்சிட்ட பளபளப்புப் பலூனோ பிளாஸ்ரிக்காலானது; அது மக்குவதேயில்லை. 2021ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இலங்கை அரசின் விதி, காற்றடைக்கும் பிளாஸ்ரிக் விளையாட்டுப் பொருட்கள் பலவற்றைத் தடை செய்தது. பலூனும் பந்தும் நீரில் மிதக்கும் விளையாட்டுப் பொருட்களும் அத்தடையினின்றும் விலக்கப்பட்டன. சட்டம் விட்டுவைத்த இடத்திற் பொறுப்பு மக்கள் கையில் வந்து சேர்கின்றது. பலூன்களை வானில் விடுவதை அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலம் 2021ஆம் ஆண்டிலும் புளோரிடா மாநிலம் 2024ஆம் ஆண்டிலும் தடை செய்தன.

இக்கலை கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கு இனித் தெளிவாகும். பேருருவச் சிற்பத்திற்கு ஈலியம் வேண்டுவதில்லை. சட்டத்தில் நிற்கும் உருவிற்குக் காற்றே போதும். நிலத்தடியினின்றும் அருமையாகக் கிடைக்கும் ஈலியம், மருத்துவமனைகளில் உடலின் உட்புறத்தைப் படம்பிடிக்கும் காந்தக் கருவிகளைக் குளிர்விக்கப் பயன்படுவது. அதனை விளையாட்டில் வீணாக்குதல் முறையன்று. பளபளப்புப் பலூனைத் தவிர்த்தல் நலம். சிற்பத்தைக் கடற்காற்று வீசும் வெளியில் நிறுத்தாது கூடத்தினுள் நிறுத்துதல் வேண்டும். எல்லாவற்றினும் மேலாகக் கணக்கு வேண்டும். எத்தனை பலூன் ஊதப்பட்டனவோ அத்தனையும் விழா முடிவில் எண்ணி எடுக்கப்படல் வேண்டும். வெடித்ததன் துண்டும் அக்கணக்கிற் சேரும். ஆயிரம் பலூன்களை அளவு பிசகாது கோக்கத் தெரிந்த கைக்கு, அவற்றை எண்ணித் திரும்பப் பெறுதல் அரியதோர் செயலன்று.

இப்பணியைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தாற் பெரும் பயன் விளையும். விழாவில் உருவைக் கண்டு மகிழ்ந்த சிறுவரே மாலையில் அதனைக் கழற்றவும் எண்ணவும் துணைநின்றால், காற்றின் அழுத்தத்தையும் கணக்கையும் கடலின்பால் உள்ள கடமையையும் ஒருங்கே கற்றுக்கொள்வர். இறப்பர்த் தோட்டத்தில் விடியலிற் தொடங்கிய பொருளொன்று, வெள்ளவத்தைக் கடற்கரையில் ஆமையின் வயிற்றில் முடியாதிருக்க அச்சிறு கைகளே காவலாகும்.

கோயிற் கிரியையில் ஆவாகனம் உண்டு, விசர்ச்சனமும் உண்டு. தெய்வத்தைக் கும்பத்தில் எழுந்தருளச் செய்யும் அன்பு எத்துணையோ, விடைகொடுத்து அனுப்பும் அன்பும் அத்துணையே. இறுதிக் கிரியையை விட்டுவிட்டுப் பூசை நிறைவெய்திற்று என்று எந்தக் குருக்களும் எழுந்து செல்வதில்லை. கொட்டாஞ்சேனையின் கல்லாலயத்தைச் சமைத்த சிற்பிகள், தம் படைப்பு நெடுங்காலம் நிற்றற்கு வேண்டியன செய்தனர். காற்றிற் சிற்பம் சமைப்போன், தன் படைப்பு ஒரு நாளில் எவர்க்கும் எவ்வுயிர்க்கும் ஊறின்றி மறைதற்கு வேண்டியன செய்தல் கடன். அக்கடனைச் செய்து முடித்தவனைக் கலைஞன் என்று அழைத்தல் தகும்.